எந்தச் சோடா? எண்ணைக் கேளுங்கள்!

உங்கள் வீட்டுச் சமையலறையில் ஆப்ப மாவில் சேர்க்க ஒரு சோடா இருக்கும். துணி துவைக்கும் தூளில் இன்னொரு சோடா இருக்கும். அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயைத் திறக்க வன்பொருள் கடையில் விற்கும் வெள்ளைச் சில்லுகளும் ஒரு சோடாதான். மூன்றும் வெள்ளை நிறம். மூன்றிலும் சோடியம் உண்டு. மூன்றையும் நாம் சோடா என்றே சொல்கிறோம்.

முதலாவது சோடியம் பைகார்பனேட். ஆப்பத்தைப் பூப்போல உப்ப வைக்கும். இரண்டாவது சோடியம் கார்பனேட். சாப்பிடும் பொருள் அல்ல; கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மூன்றாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. இது தோலையே அரித்துப் புண்ணாக்கும்; கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பெயர் ஒன்று, விளைவுகளோ உணவு, எரிச்சல், பேராபத்து என மூன்று.

மாணவர்களே, ஒரு பொருளின் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு சிறிய எடுத்துக்காட்டு. உலகில் இதுவரை பதிவாகியுள்ள இரசாயனப் பொருள்கள் 20 கோடிக்கும் அதிகம். இத்தனைக்கும் குழப்பமில்லாமல் அடையாளம் கொடுப்பது எப்படி? ஒரு பொருளைப் பற்றி மனிதர்கள் கண்டறிந்ததை எல்லாம், தேவைப்படும் நேரத்தில், சரியான பொருளுக்கு உரியதாகவே எடுத்துத் தருவது எப்படி? இந்தப் பொறுப்பைச் சுமப்பவைதான் இரசாயனத் தரவுத்தளங்கள்.

பெயர்கள் ஏன் போதவில்லை?

ஒரே பெயர் பல பொருள்களைக் குறிப்பது ஒரு சிக்கல். ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பது மற்றொரு சிக்கல். தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அதை ஆஸ்பிரின் என்பார். பாடநூல் அசிட்டைல்சாலிசிலிக் அமிலம் என்னும். பெயரிடும் விதிகளை வகுக்கும் ஐயுபேக் என்ற அனைத்துலக அமைப்பின் முறைப்படி அது 2-அசிட்டாக்சிபென்சாயிக் அமிலம். இவை போக, ஒவ்வொரு நிறுவனமும் வைத்த வணிகப் பெயர்கள் வேறு.

சரி, மூலக்கூறு வாய்பாட்டைச் சொன்னால் போதாதா? அதுவும் போதாது. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் அணுக்களைக் கொண்ட மூலக்கூறு எது? எத்தனால் என்று உடனே சொல்வீர்கள். ஆனால், டைமெத்தில் ஈதருக்கும் இதே வாய்பாடுதான். எத்தனால் 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும் திரவம். டைமெத்தில் ஈதரோ அறை வெப்பநிலையில் வாயு. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அவை கைகோத்திருக்கும் வரிசைதான் வேறு. எத்தனாலில் கார்பன்–கார்பன்–ஆக்சிஜன், ஈதரில் கார்பன்–ஆக்சிஜன்–கார்பன்.

பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. நாம் மயில்துத்தம் என்று அழைக்கும் காப்பர் சல்பேட்டை நினைத்துப் பாருங்கள். நீல நிறப் படிகத்தில் ஒரு காப்பர் சல்பேட் அலகுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கும். அதைச் சூடாக்கினால் நீர் வெளியேறி வெள்ளைத் தூள் கிடைக்கும். பாட்டிலில் வெறுமனே ‘காப்பர் சல்பேட்’ என்று எழுதியிருந்தால் எது என்று எப்படித் தெரியும்? நீரற்ற தூளின் ஒரு மோல் ஏறக்குறைய 160 கிராம். நீலப் படிகத்தின் ஒரு மோல் ஏறக்குறைய 250 கிராம். நீரற்ற தூளுக்குப் பதில் அதே எடையில் நீலப் படிகத்தை நிறுத்து எடுத்தால், உங்கள் கரைசலில் காப்பர் சல்பேட்டின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சோதனை முடிவும் தவறிப்போகும்.

புத்தகத்திலிருந்து பதிவேட்டுக்கு

பொருள்களைப் பட்டியலிடும் முயற்சி கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய ஃபிரெடரிக் பைல்ஸ்டீன் என்ற வேதியியலாளர், அன்று அறியப்பட்டிருந்த கரிமச் சேர்மங்களைத் திரட்டி 1881 முதல் 1883 வரை இரண்டு தொகுதிகளாக ஒரு கையேட்டை வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 15,000 சேர்மங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் எப்படித் தயாரிக்கப்படுகிறது, எத்தனை டிகிரியில் உருகும், எந்த ஆய்வில் வெளியானது என்ற விவரங்கள் அதில் கிடைத்தன.

1907-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் கழகம் ‘கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்ற இதழைத் தொடங்கியது. உலகெங்கும் வெளியாகும் வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்களைத் தொகுத்துத் தருவதே அதன் வேலை. கட்டுரைகள் பெருகப் பெருக, ஒரே பொருளை வெவ்வேறு ஆய்வாளர்கள் வெவ்வேறு பெயரில் எழுதுவது பெரிய தலைவலியானது. இந்தக் கட்டுரையில் வரும் பொருளும் அந்தக் கட்டுரையில் வரும் பொருளும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டியிருந்தது.

அதற்குத் தீர்வாக 1965-ஆம் ஆண்டில் ஒரு கணினிப் பதிவேடு தொடங்கப்பட்டது. பெயர் எதுவாக இருந்தாலும், மூலக்கூறின் அமைப்பு ஒன்றாக இருந்தால் ஒரே எண். அமைப்பு மாறினால் வேறு எண். இதுவே சி.ஏ.எஸ். எண். அச்சு இதழ் 2010-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எண்களோ இன்று உலகெங்கும் இரசாயனப் பாட்டில்களின் பெயர்ச்சீட்டிலும், ஏற்றுமதி ஆவணங்களிலும், சட்டப் பட்டியல்களிலும் இடம்பெறுகின்றன.

நம் மூன்று சோடாக்களுக்கும் இப்போது குழப்பமில்லை. ஆப்பச் சோடா 144-55-8. சலவைச் சோடா 497-19-8. காஸ்டிக் சோடா 1310-73-2. காப்பர் சல்பேட்டிலும் அப்படித்தான்: வெள்ளைத் தூள் 7758-98-7, நீலப் படிகம் 7758-99-8.

உங்கள் மைகார்டு எண்ணில் பிறந்த தேதியும் மாநிலக் குறியீடும் அடங்கியிருக்கின்றன. சி.ஏ.எஸ். எண்ணில் அப்படி எந்தத் தகவலும் இல்லை. பதிவேட்டில் சேர்ந்தபோது கிடைத்த எண், அவ்வளவுதான். எண்ணைப் பார்த்து அமிலமா காரமா என்று சொல்ல முடியாது. ஆனால், எந்த மொழி பேசுபவரும், எந்த நாட்டில் இருப்பவரும், அந்த எண்ணைச் சொன்னால் அதே பொருளைத்தான் குறிப்பிடுகிறார்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

சி.ஏ.எஸ். எண்ணில் மூன்று பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் 2 முதல் 7 இலக்கங்கள் வரை இருக்கலாம். இரண்டாம் பகுதியில் 2 இலக்கங்கள். கடைசியில் ஒரே ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களுக்குக் காவல்காரர். அதைச் சரிபார்ப்பு இலக்கம் என்பார்கள்.

நீரின் எண் 7732-18-5. கடைசி 5-ஐ விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக எடுத்து 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்குங்கள்.

8 × 1 = 8
1 × 2 = 2
2 × 3 = 6
3 × 4 = 12
7 × 5 = 35
7 × 6 = 42

கூட்டினால் 105. அதன் கடைசி இலக்கம் 5. சரியாகப் பொருந்துகிறது.

இப்போது எத்தனாலின் எண் 64-17-5. இதை ஒருவர் அவசரத்தில் 64-71-5 என்று தட்டச்சு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிட்டால் 1 + 14 + 12 + 24 = 51. கடைசி இலக்கம் 1 வர வேண்டும், இருப்பதோ 5. கணினி உடனே பிழை என்று காட்டிவிடும். எல்லாப் பிழைகளையும் இந்த முறை பிடித்துவிடாது. ஆனால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறும் பிழை, மனிதர்கள் அடிக்கடி செய்வது. சரிபார்ப்பு இலக்கத்துக்கு முன்னால் அது எங்கே நடந்தாலும் தப்பாமல் சிக்கிவிடும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பெருக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதில் விடை இருக்கிறது.

கணினிக்கு மூலக்கூறை எப்படிச் சொல்வது?

தாளில் மூலக்கூறைப் படமாக வரைகிறோம். கணினியில் தேட வேண்டுமானால், அதை எழுத்துகளின் வரிசையாக மாற்ற வேண்டும். 1980-களில் டேவிட் வைனிங்கர் என்ற வேதியியலாளர் உருவாக்கிய ஸ்மைல்ஸ் என்ற முறை இதற்குக் கைகொடுத்தது. கார்பனுக்கு ‘சி’, ஆக்சிஜனுக்கு ‘ஓ’. எத்தனால் ‘சி சி ஓ’. டைமெத்தில் ஈதர் ‘சி ஓ சி’. ஹைட்ரஜன்களை எழுத வேண்டியதில்லை. எத்தனை இருக்க வேண்டும் என்று கணினியே கணக்கிட்டுக்கொள்ளும். வாய்பாட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும், மூன்று எழுத்துகளில் தனித்தனியாகிவிட்டன பார்த்தீர்களா?

இதனால் பெயரே தெரியாமலும் தேட முடியும். திரையில் ஒரு மூலக்கூறை வரைந்து, இதே அமைப்பு உள்ளவற்றையும் இதற்கு நெருங்கிய அமைப்பு உள்ளவற்றையும் காட்டு என்று கேட்கலாம். புதிய மருந்துகளைத் தேடுவோர் இப்படித்தான் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் சலித்துப் பார்க்கிறார்கள்.

உங்களுக்கு எளிதில் கிடைக்கும் தரவுத்தளம் பப்கெம். அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களின் கீழ் 2004-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இது இலவசம். இதில் 11 கோடிக்கும் அதிகமான சேர்மங்கள் உள்ளன. 58-08-2 என்ற எண்ணைத் தட்டினால் கெஃபீன் வரும். அதன் அமைப்பு, மோலார் நிறை, உருகுநிலை, உடலில் என்ன செய்கிறது, ஆபத்துகள் என்னென்ன என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் வரும்.

அங்கே ஓர் எச்சரிக்கைச் சின்னமும் இருக்கும்: ‘விழுங்கினால் தீங்கு’. அப்படியானால் தே தாரிக் குடிக்கக் கூடாதா? பயப்பட வேண்டாம். அந்த எச்சரிக்கை தூய கெஃபீன் தூளுக்கு உரியது. ஒரு கோப்பைத் தேநீரில் இருப்பதோ சில பத்து மில்லிகிராம்தான். தரவுத்தளம் பொருளின் தன்மையைச் சொல்கிறது. அளவு எவ்வளவு, எந்த வழியில் உடலுக்குள் போகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வது படிப்பவரின் வேலை. இதை மறந்தால் சமையல் உப்பைக்கூடக் கண்டு அஞ்ச நேரிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பப்கெம் தானே ஆய்வு செய்து தகவல் தருவதில்லை. பல நூறு நிறுவனங்களிடமிருந்து திரட்டித் தருகிறது. அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் காணப்படலாம். ஒவ்வொரு தகவலுக்கும் கீழே அது எங்கிருந்து வந்தது என்று குறிப்பிட்டிருக்கும். அதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

16 பகுதிகள் கொண்ட தாள்

ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் எல்லாரும் கணினி முன் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்காகத் தரவுகளின் சாரம் ஒரு தாளில் வருகிறது. அதன் பெயர் பாதுகாப்புத் தரவுத் தாள். ஐக்கிய நாடுகள் அமைப்பு 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது முறையின்படி அதில் 16 பகுதிகள். மலேசியாவிலும் 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வேலையிடங்களுக்கு ஆபத்தான இரசாயனம் வழங்குவோர் இந்தத் தாளையும் கொடுக்க வேண்டும்.

வரிசை எங்கும் மாறாது. ஆபத்து என்ன என்பது 2-ஆம் பகுதி. என்னென்ன கலந்துள்ளன, அவற்றின் சி.ஏ.எஸ். எண் என்ன என்பது 3-ஆம் பகுதி. முதலுதவி 4-ஆம் பகுதி. எதனோடு சேரக்கூடாது என்பது 10-ஆம் பகுதி.

10-ஆம் பகுதி எவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். வெள்ளைத் துணியை வெளுக்கும் பிளீச் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது, எண் 7681-52-9. அதன் தாளில் அமிலங்களோடு கலக்கக்கூடாது என்று இருக்கும். கழிவறை கழுவும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. நன்றாகச் சுத்தமாகட்டும் என்று இரண்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு. தனித்தனியே பயனுள்ள இரண்டு பொருள்கள், மூடிய குளியலறைக்குள் உயிருக்கே உலை வைத்துவிடும்.

அப்படி ஏதாவது நடந்துவிட்டால், தாளைத் தேட நேரம் இருக்காது. அதற்காகவே ஆள் வைத்து நடத்தப்படும் தகவல் சேவைகளும் உள்ளன. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994-ஆம் ஆண்டு முதல் தேசிய நச்சு மையம் இயங்கி வருகிறது. ஒருவர் எதையாவது விழுங்கிவிட்டால், மருத்துவர்களும் பொதுமக்களும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். அங்கே எழும் முதல் கேள்வி, ‘என்ன பொருள்?’ என்பதாகத்தான் இருக்கும். பாட்டிலைத் தூக்கி எறியாமல் கையோடு வைத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

தகவல் இருந்தும் போன உயிர்கள்

1937-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனம், தொண்டைப் புண்ணுக்குக் கொடுக்கும் சல்ஃபனிலமைடு மாத்திரையைக் குழந்தைகளும் குடிக்கும்படி இனிப்பான திரவமாக்கியது. மருந்தைக் கரைக்க அது தேர்ந்தெடுத்தது டைஎத்திலீன் கிளைகோல், எண் 111-46-6. நிறமற்றது, இனிப்பானது, மருந்தை நன்றாகக் கரைப்பது. ஆனால், சிறுநீரகத்தைச் சிதைக்கும் நஞ்சு. 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள். அந்தப் பொருள் தீங்கானது என்பதைக் காட்டும் சில ஆய்வுகள் அதற்கு முன்பே அச்சாகியிருந்தன. யாரும் தேடிப் பார்க்கவில்லை. விலங்குகளிடமும் சோதித்துப் பார்க்கவில்லை. விற்பனைக்கு முன் மருந்து பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் மறு ஆண்டே அங்கு வந்தது.

இன்று அதே பொருளைப் பப்கெமில் தேடினால் சில விநாடிகளில் எச்சரிக்கை வந்துவிடும். ஆகவே, இனி அப்படி நடக்காது என்று நினைப்பீர்கள். 2022-ஆம் ஆண்டில் நம் அண்டை நாடான இந்தோனேசியாவில், கலப்படமான மருந்துத் திரவங்களைக் குடித்து ஏறத்தாழ 200 குழந்தைகள் இறந்தனர். அதே ஆண்டில் ஆப்பிரிக்காவின் காம்பியாவிலும் பல குழந்தைகள் இதேபோல் உயிரிழந்தனர். மருந்தில் இருக்க வேண்டியவை புரொபிலீன் கிளைகோல் போன்ற பாதுகாப்பான கரைப்பான்கள். புரொபிலீன் கிளைகோலின் எண் 57-55-6. கண்டுபிடிக்கப்பட்டவையோ எத்திலீன் கிளைகோலும் டைஎத்திலீன் கிளைகோலும். இவையெல்லாம் நிறமற்ற, பாகு போன்ற திரவங்கள். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

இந்த முறை குறை தகவலில் இல்லை. தரவுத்தளத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. பீப்பாயின் மேல் ஒட்டிய பெயரும் பீப்பாய்க்குள் இருந்த பொருளும் ஒத்துப்போகவில்லை. 57-55-6 என்றால் என்ன என்று தரவுத்தளம் துல்லியமாகச் சொல்லும். ஆனால், உங்கள் கையில் உள்ள பாட்டிலுக்குள் உண்மையிலேயே அதுதான் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

பெயர்ச்சீட்டே இல்லாவிட்டால்?

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. மூச்சுத் திணறல், குமட்டல் என்று ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஆற்றில் கழிவைக் கொட்டுபவர் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டுப் போவதில்லை. எந்த எண்ணைத் தேடுவது?

இங்கே உதவுவது இன்னொரு வகைத் தரவுத்தளம். நிறை நிறமாலைமானி என்ற கருவி மூலக்கூறுகளை உடைத்து, அந்தத் துண்டுகளின் நிறைகளை அளக்கும். ஒவ்வொரு சேர்மமும் தனக்கே உரிய வகையில் உடையும். அது அதன் கைரேகை. லட்சக்கணக்கான சேர்மங்களின் கைரேகைகள் சேர்த்து வைக்கப்பட்ட நூலகங்கள் உள்ளன. காவல் துறையினர் கைரேகையை ஒப்பிடுவதுபோல், கருவி காட்டியதை நூலகத்தோடு ஒப்பிட்டால் பொருள் எது என்பது தெரியவரும். பொருள் தெரிந்த பிறகுதான் அதற்குரிய எண்ணும், ஆபத்தும், சிகிச்சையும், துப்புரவு முறையும் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும்.

ஆகவே மாணவர்களே, இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கப் பழகுங்கள். இந்தப் பொருளைப் பற்றி என்ன தெரியும்? இது உண்மையிலேயே அந்தப் பொருள்தானா? முதல் கேள்விக்குத் தரவுத்தளம் விடை சொல்லும். இரண்டாவதற்குச் சோதனை விடை சொல்லும்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது ஒரு பாட்டிலின் பெயர்ச்சீட்டில் சி.ஏ.எஸ். எண் இருக்கிறதா என்று பாருங்கள். சரிபார்ப்பு இலக்கம் பொருந்துகிறதா என்று கணக்கிடுங்கள். பிறகு பப்கெமில் தேடி, ஆசிரியரிடம் உள்ள பாதுகாப்புத் தரவுத் தாளின் 10-ஆம் பகுதியோடு ஒப்பிடுங்கள். வீட்டில், பெயர்ச்சீட்டு இல்லாத எந்தத் திரவத்தையும் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது வைத்திருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். 20 கோடிப் பொருள்களுக்கு எண் கொடுத்த உலகத்தில், நம் வீட்டு அலமாரியில் உள்ள பத்துப் பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது ஒன்றும் பெரிய வேலையல்ல.